கொட்டகைக்குள் வந்த மருந்து

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணை பெருந்தொழிலாகி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம்தான் ஆகிறது. அதற்கு முன்பு பழைய தென்னார்க்காட்டின் இந்தப் பகுதி அறியப்பட்டது மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக்காக. இந்தியா முழுவதும் விதைக்கப்பட்ட டி.எம்.வி. வரிசை நிலக்கடலை ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகளே திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பவை. மானாவாரி நிலம், ஏரிப் பாசனம், வீட்டுக்கு நாலைந்து கோழி என்பதே ஊர்களின் அமைப்பு. சிறுவிடைக் கோழி தெருவில் மேய்ந்து, தானாக அடைகாத்து, இரவில் பஞ்சாரத்துக்குள் அடங்கியது. அதற்குத் தனியாகத் தீவனச் செலவும் கிடையாது, மருந்துச் செலவும் கிடையாது. நோய் வந்தால் மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்துப் பார்ப்பார்கள். பிழைத்தது பிழைக்கும்.

பிழைக்க விடாத நோய் ஒன்று இருந்தது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் தெருவே காலியாகிவிடும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இனங்காணப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டது. அதனால் இந்தியாவில் ராணிகேத் நோய் என்று பெயர் பெற்றது. இதை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாடிக் எதுவும் இதன்மேல் வேலை செய்யாது, தடுப்பூசி ஒன்றே வழி. 1932இல் ராணிப்பேட்டையில் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் பின்னாளில் அந்தத் தடுப்பு மருந்தைத் தயாரித்து மாவட்டங்களுக்கு அனுப்பியது. தமிழகக் கோழிக்கு அறிவியல் செய்த முதல் பெரிய உதவி நோய் வராமல் தடுக்கும் மருந்தாகவே இருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த மருந்துகளின் கதை வேறு திசையில் போனது.

அந்தக் கதையின் தொடக்கத்தில் சென்னையின் வாடை சிறிது உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களில் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவர் காலத்தில்தான் அங்கே பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்ற முதல் டெட்ராசைக்ளினைப் பிரித்தெடுத்தார். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில், அதே ஆய்வகத்தில், தாமஸ் ஜூக்ஸ் கோழிக்குஞ்சுகளை எடைபோட்டுக் கொண்டிருந்தார். வைட்டமின் பி12க்கு மலிவான மூலம் தேடி, ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய புளித்த கழிவைத் தீவனத்தில் கலந்திருந்தார். அதைத் தின்ற குஞ்சுகள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன. வளர்ச்சிக்குக் காரணம் வைட்டமின் மட்டுமல்ல, கழிவில் தங்கியிருந்த சிறிதளவு ஆன்டிபயாடிக்கும்தான் என்று ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும் 1950இல் அறிவித்தார்கள். 1951இல் அமெரிக்க அரசு தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க அனுமதித்தது. நோய் இல்லாத கோழிக்கும் மருந்து கொடுக்கலாம், கொடுத்தால் லாபம் என்ற எண்ணம் அன்றுதான் தொழிலுக்குள் நுழைந்தது.

தமிழகத்துக்கு அது தாமதமாக வந்தது. முட்டைக்கோழிக் கூண்டுகள் 1970களில் நாமக்கல்லைப் பற்றிக்கொண்டன. பிராய்லர் எனப்படும் கறிக்கோழி கோவை, பல்லடம், உடுமலை பக்கம் வளர்ந்தது. உடுமலையில் 1984இல் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த வளர்ப்பு முறையைக் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்கள் அதே வழியில் வந்தன. நிறுவனம் ஒருநாள் குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வையாளர் எல்லாம் தரும். விவசாயி கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு தர வேண்டும். வளர்ந்த கோழியை நிறுவனமே எடுத்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுக்கும். சந்தை விலை விழுந்தால் விவசாயிக்கு நஷ்டமில்லை என்பது இதன் கவர்ச்சி. மழை பொய்த்த மானாவாரிக் காட்டில் இது சிறிய கவர்ச்சியல்ல.

இந்தத் தொழிலுக்கு விழுப்புரம் வட்டாரம் வசதியான இடம். தென்னார்க்காடு 1993 செப்டம்பரில் இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே செல்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40. கோழியை உயிரோடு வண்டியேற்றி விடிவதற்குள் இரண்டு பெரிய கறிச் சந்தைகளில் இறக்கிவிட முடிகிற தூரம். கொட்டகையில் விரிக்க அரிசி ஆலை உமிக்கும் கடலைத் தோலுக்கும் இங்கே பஞ்சமில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 12 கோடிக்கு மேற்பட்ட கோழிகளுடன் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அந்த 12 கோடியில் பஞ்சாரத்துக் கோழியின் பங்கு சிறியது.

கொட்டகைக்குள் நிலைமை முற்றிலும் வேறு. சில ஆயிரம் பறவைகள் ஒரே உமிப் படுக்கையின்மேல், தங்கள் எச்சத்தின்மேல், 35 முதல் 42 நாள் வரை வாழ்கின்றன. அந்த நாட்களுக்குள் இரண்டு கிலோ எடை வர வேண்டும். ஒரு கோழிக்குக் கழிச்சல் என்றால் அதைத் தனியே பிடித்து மருந்து ஊற்ற முடியாது. தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்தால் எல்லாக் கோழியும் குடிக்கும், நோயுற்றதும் குடிக்கும், நோயற்றதும் குடிக்கும். நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் அதற்குப் போதிய அளவு போய்ச் சேராது என்பது இந்த முறையின் விந்தை. ஆக்சிடெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின், நியோமைசின், டைலோசின், என்ரோஃப்ளாக்சசின், கோலிஸ்டின் ஆகியவை இந்தியக் கோழிப் பண்ணைகளில் வழக்கமாகப் புழங்கிய மருந்துகள். குஞ்சு வந்த முதல் வாரத்தில் பயணக் களைப்புக்கு என்று ஒன்று, இடையில் சளிக்கு ஒன்று, வெயில் காலத்தில் தற்காப்புக்கு ஒன்று என்று மருந்து ஓர் அட்டவணையாகவே மாறியது.

இதை விவசாயியின் அறியாமை என்று பேசுவது வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. ஒப்பந்த முறையில் எந்த மருந்து எப்போது என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் நிறுவனம். கூலிக் கணக்கில் இறப்பு விகிதமும், ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் செலவானது என்ற தீவன மாற்று விகிதமும் பார்க்கப்படுகின்றன. நூறு கோழி கூடுதலாகச் செத்தால் விவசாயியின் கூலி குறையும். மருந்து கொடுக்காமல் விட்டுப் பார்க்கும் துணிச்சலுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. மருந்து இந்தத் தொழிலின் ஏற்பாட்டோடு சேர்ந்து வந்தது. பின்னால் வந்த சட்டங்கள் மருந்தைத் தொட்ட அளவுக்கு இந்த ஏற்பாட்டைத் தொடவில்லை.

இனி பாக்டீரியாவின் பக்கம். கோழிக் குடலில் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மருந்து வந்தால் தாங்காதவை அழியும், தற்செயலான மரபணு மாற்றத்தால் தாங்குபவை மிஞ்சிப் பெருகும். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. இதைவிட முக்கியமான பகுதியை 1950களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. அந்த ஆற்றல் ஈ.கோலையிடமிருந்து அதற்கு நேரடியாகக் கைமாறக்கூடியது என்று தெரிந்தது. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தின் நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் அடுக்கி இருக்கலாம். ஆகவே கோழிக்குக் கொடுத்த ஒரு மருந்து, கோழிக்குக் கொடுக்கவே படாத வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.

பண்ணையிலிருந்து மனிதருக்கு இந்த எதிர்ப்பாற்றல் வருகிறதா என்பதை நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் லெவி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு பண்ணையில் குஞ்சுகளுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறத்தாழ முழுதுமே டெட்ராசைக்ளினைத் தாங்கத் தொடங்கியது. சில மாதங்களில், மருந்தே சாப்பிடாத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய பாக்டீரியா மிகுந்தது, அதுவும் வேறு மருந்துகளையும் தாங்குகிற வகையில். அண்டை வீட்டாரிடம் அந்தப் பெருக்கம் காணப்படவில்லை. மருந்துத் தீவனத்தை நிறுத்திய பிறகு அது மெல்ல மறைந்தது. 1976இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1969இல், பிரிட்டனின் ஸ்வான் குழு மனிதருக்கு உதவும் ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஸ்வீடன் 1986இல் அதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வர 2006 ஆனது. நாமக்கல்லிலும் உடுமலையிலும் தொழில் வேர்விட்ட ஆண்டுகள் இவற்றுக்கு நடுவே அமைந்தவை. எச்சரிக்கை உலகுக்குத் தெரிந்திருந்தது, தீவன மூட்டையில் மட்டும் எழுதப்படவில்லை.

குஞ்சுப் பொரிப்பகத்திலேயே எதிர்ப்பாற்றல் தொடங்க முடியும் என்பதற்குக் கனடாவின் கியூபெக் சான்று. அங்கே முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற மருந்தை ஊசியாகச் செலுத்தும் வழக்கம் இருந்தது. மனிதருக்குக் கொடுக்கும் செஃப்ட்ரயாக்சோனின் உறவு மருந்து அது. 2005இல் பொரிப்பகங்கள் தாமாக நிறுத்தின. சில்லறைக் கோழிக்கறியிலும் நோயாளிகளிடமும் அம்மருந்தைத் தாங்கும் சால்மொனெல்லா பாக்டீரியா குறைந்தது. 2007இல் ஓரளவு மீண்டும் தொடங்கினார்கள், எதிர்ப்பும் மீண்டும் ஏறியது. காரண காரியத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் நிகழ்வுகள் இத்துறையில் அரிது.

இந்தியாவில் செய்தி முதலில் மருத்துவமனையிலிருந்து வந்தது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு, சென்னை, ஹரியானா உள்ளிட்ட இடங்களின் நோயாளிகளிடம் என்.டி.எம்-1 என்ற நொதி பரவியிருப்பதைக் காட்டியது. கார்பாபெனெம் என்ற கடைசி வரிசை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதி அது. பெயரில் டெல்லி இருந்ததால் நாடாளுமன்றம் வரை சச்சரவு போனது, நோயைப் பற்றிய பேச்சு அதில் சற்று அடங்கிப்போனது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருத்துவர் அப்துல் கபூர் ஒருங்கிணைப்பில், மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தக் கோரும் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது மனித மருந்துக் கடைக்கான கட்டுப்பாடு. கொட்டகைக்கு மூட்டையாகவும் புட்டியாகவும் போன மருந்தை அது நிறுத்தவில்லை.

கார்பாபெனெம் தோற்ற நோயாளிக்கு மருத்துவர் கையில் மிஞ்சியது கோலிஸ்டின். 1940களின் இறுதியில் ஜப்பானில் கண்டறியப்பட்ட பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் ஒதுக்கப்பட்டது, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுக்கப்பட்டது. மனித மருத்துவம் ஒதுக்கி வைத்த ஆண்டுகளில் கால்நடை மருத்துவம் அதை விடவில்லை. மலிவு, குடலைவிட்டு அதிகம் உடலுக்குள் போகாது, எனவே கோழிக்குக் கழிச்சலுக்கு ஏற்றது என்பது கணக்கு. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த ஆய்வு அந்தக் கணக்கைக் குலைத்தது. கோலிஸ்டினைத் தாங்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பன்றி, கோழி, மனிதர் மூவரிடமும் பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்கிறது என்று அது சொன்னது. அதுவரை கோலிஸ்டின் எதிர்ப்பு கைமாறாது என்று நம்பப்பட்டது. சென்னையில் வாங்கிய உணவு மாதிரிகளில் கோலிஸ்டினைத் தாங்கும் பாக்டீரியா இருப்பதை அப்துல் கபூரும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் பதிவுசெய்தார்கள். 2018இல் இந்தியப் பண்ணைகளுக்குக் கோலிஸ்டின் டன் கணக்கில் இறக்குமதியாவதைச் செய்தித்தாள்கள் எழுதின. 2019 ஜூலை 19 அன்று, 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிக்கும் மீன் வளர்ப்புக்கும் கோலிஸ்டின் தயாரிப்பு, விற்பனை, விநியோகம் தடைசெய்யப்பட்டது.

பண்ணை நிலவரத்துக்கு வட இந்தியாவிலிருந்து வந்த எண்கள் தெளிவானவை. பஞ்சாபில் 18 பண்ணைகளின் 530 பறவைகளிடமிருந்து எடுத்த ஈ.கோலையை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி உள்ளவை கறிக்கோழியில் 87 விழுக்காடு, முட்டைக்கோழியில் 42 விழுக்காடு. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அதே ஆண்டு உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பஞ்சாப் மாநிலங்களின் 12 பண்ணைகளில் எச்சத்தையும், அந்த எரு போடப்பட்ட வயல் மண்ணையும் சேர்த்துப் பார்த்தது. கொட்டகையில் இருந்த எதிர்ப்பாற்றல் வயலிலும் இருந்தது.

விழுப்புரம் வட்டாரத்துக்கு இந்த எருவின் பாதைதான் முக்கியம். ஒரு தொகுதி கோழி போனதும் உமிப் படுக்கையைச் சுரண்டி எடுத்து மூட்டை கட்டுகிறார்கள். கோழி எரு தழைச்சத்து மிகுந்தது, விலையும் உண்டு. கரும்பு, நெல், மல்லாட்டை, தர்பூசணி என்று எல்லாவற்றுக்கும் அது போகும். குவித்து மூடி, சூடேறி மக்கவிட்டால் பாக்டீரியாவில் பெரும்பகுதி அழியும். பச்சையாகவே வயலில் கொட்டினால் அழியாது. மழையில் அது வாய்க்கால் வழியே ஏரிக்கு இறங்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மாவட்டத்தை மூழ்கடித்தபோது எந்த எரு எந்த நீர்நிலைக்குப் போனது என்று யாரும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

மற்ற பாதைகள் சிறியவை என்று சொல்ல முடியாது. கொட்டகையில் வேலை செய்பவர், கோழி பிடித்து வண்டியேற்றுபவர், கறிக்கடைக்காரர் ஆகியோர் முதல் வரிசையில் இருக்கிறார்கள். கறியை நன்றாக வேகவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், ஆகவே குழம்பு ஆபத்தல்ல. பச்சைக் கறி கழுவிய கை, அதே அரிவாள்மனையில் அடுத்து நறுக்கிய வெள்ளரி, கடை வாசலில் தெறிக்கும் தண்ணீர் ஆகியவையே ஆபத்து. குடலில் குடியேறிய பாக்டீரியா உடனே நோய் தருவதில்லை. மாதக் கணக்கில் சும்மா இருந்து, பிறகு சிறுநீர்த் தொற்றாகவோ இரத்தத் தொற்றாகவோ வரும்போது மருந்து வேலை செய்யாது. அதற்குள் கோழியின் நினைவே இருக்காது.

ஒரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைத் தொற்றுகள் அனைத்தையும் கோழியின் தலையில் சுமத்துவது தவறு. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் கால்நடைகளிடமும் இரத்தத் தொற்று நோயாளிகளிடமும் எடுத்த ஈ.கோலையின் முழு மரபணுத் தொடரை ஒப்பிட்டபோது, ஒரே பாக்டீரியா இருபுறமும் இருந்தது மிகக் குறைவு. மனிதர் தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரையும், மருத்துவமனைச் சுகாதாரமும், சாக்கடையும் பெரும் காரணங்கள். ஆனால் பாக்டீரியா இடம் மாறாவிட்டாலும் பிளாஸ்மிட் கைமாறிப் போகலாம். மேலும் இங்கிலாந்தின் பண்ணைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் திண்டிவனம் பக்கத்தில் இல்லை. இங்கே கொட்டகையும் கிணறும் வீடும் ஒரே காட்டில் இருக்கின்றன.

நோயாளி பக்கத்தில் கண்காணிப்பு ஓரளவு வளர்ந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய மருந்து எதிர்ப்பாற்றல் கண்காணிப்பு வலையமைப்பில் புதுச்சேரி ஜிப்மரும் வேலூர் சி.எம்.சி.யும் மைய நிலையங்கள். விழுப்புரம் மாவட்டத்து நோயாளிகள் முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஜிப்மருக்கும் போகிறார்கள். கோழி பக்கத்தில் கண்காணிப்பு மெலிந்தது. கால்நடை, மீன்வளத்துக்கான தேசிய வலையமைப்பு உருவானாலும், சிறு பண்ணைக் கொட்டகை வரை சோதனை தொடர்ந்து வருவது அரிது.

சட்டத்தின் கதையில் ஓர் எண் தனியாக நிற்கிறது. 2012இல் திருத்திய மருந்து விதிப்படி, மருந்து கொடுப்பதை நிறுத்தியபின் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு அனுப்பலாம் என்பதை மருந்தின் மேலுறையில் எழுத வேண்டும். எழுதப்படாவிட்டால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கோழிக்கறிக்கு 28 நாள். கறிக்கோழியின் மொத்த ஆயுளே ஆறு வாரம். 28 நாள் காத்திருக்க வேண்டுமானால் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அந்த மருந்தைத் தொடவே முடியாது. நோய் பெரும்பாலும் வருவது அதற்குப் பிறகுதான். கொட்டகையின் நாட்காட்டியைப் பார்த்து எழுதிய விதியாக இது தெரியவில்லை, கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதைப் பார்க்கும் ஏற்பாடும் வலுவாக இல்லை.

2017இல் மருந்து எதிர்ப்பாற்றலுக்கு எதிரான தேசியச் செயல்திட்டம் வந்தது. கோழிப் பண்ணைகளுக்கான சுற்றுச்சூழல் வழிகாட்டுதல்கள் 2021 திருத்தத்துக்குப் பிறகு 5,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகளையும் தம் வட்டத்துக்குள் கொண்டுவந்தன, எரு மேலாண்மை உட்பட. 2025இல் குளோரம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் மருந்துகள் உணவு விலங்குகளுக்கு முற்றிலும் தடைசெய்யப்பட்டன. உணவில் மிஞ்சும் மருந்து எச்சத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்புகளும் அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து இறுகின. ஆனால் வரம்பு அளப்பது கறியில் மிஞ்சிய மருந்தை மட்டுமே. மருந்து முழுதும் வடிந்த கறியிலும் அந்த மருந்தைத் தாங்கும் பாக்டீரியா இருக்கலாம். மருந்து எச்சம் இல்லை என்ற சான்று எதிர்ப்பாற்றல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் தனக்கு உணவு ஏற்றுமதி செய்யும் நாடுகளும் வளர்ச்சிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது, மனிதருக்கென ஒதுக்கிய மருந்துகளைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையை 2026 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வரும்படி வைத்தது. வெளிநாட்டுக்கு முட்டை அனுப்பும் நாமக்கல்லை அத்தகைய நிபந்தனைகள் நேரடியாக நெருக்கும். திண்டிவனம் பக்கத்துக் கறிக்கோழியோ சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிறது. அதைச் சோதிக்கும் பொறுப்பு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உரியது.